வீடு கட்டுவோர் கேள்வி-பதில்

கே: அப்ரூவல் ஆன பிளான் கைக்கு வந்துவிட்டது. வானம் தோண்டலாமா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: பொறுங்கள். 2024 முதல், 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்று முறையில் உடனடியாக அனுமதி கிடைக்கிறது. ஆனால் உங்கள் கையில் இருக்கும் பிளான் அனுமதிக்கான படம் மட்டுமே. மனையின் எல்லை, பக்கத்தில் விடும் இடம், கட்டடப் பரப்பு அதில் இருக்கும். அஸ்திவார ஆழமும் காலம் (தூண்) கம்பியும் ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கில்தான் வரும். அதை வாங்காமல் மண்ணைத் தொடாதீர்கள்.

கே: ஜெராக்ஸ் பிளானில் ஸ்கேல் வைத்து அளக்கலாமா? (கரூர் வாசகர்)

ப: கூடவே கூடாது. எழுதியிருக்கும் அளவை மட்டும் நம்புங்கள்.

கே: பிளம்பிங், எலக்ட்ரிக்கல் டிராயிங்குக்கு இன்ஜினீயர் தனியாகப் பணம் கேட்கிறார். வேலை நடக்கும்போது சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் மாமனார். (மதுரை வாசகி)

ப: மாமனாரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள் அம்மா. தளத்துக்குள் போகும் ஒயரிங் பைப்பும் ஃபேன் பாக்ஸும் கான்கிரீட் கொட்டும் முன்பே கம்பியோடு இருக்க வேண்டும். டாய்லெட் தளத்தை எவ்வளவு இறக்குவது என்பதும் சென்ட்ரிங் அடிக்கும்போதே தெரிய வேண்டும். கிளாசெட்டிலிருந்து வரும் நாலு அங்குலப் பைப்புக்குச் சரிவு வேண்டும்; வழியில் பீம் நின்றால் என்ன செய்வார்கள்? குடைவார்கள். காலத்தை ஒட்டிய இடத்தில்தான் பீமுக்கு வெட்டுவிசை அதிகம். அதனால்தான் வளையக் கம்பிகளை அங்கே நெருக்கிக் கட்டுகிறோம். அதே இடத்தில் கம்பியை அறுத்துப் பைப்பை நுழைத்து, மேலே பூசி மறைத்த வீடுகளைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. டைல்ஸுக்கு லட்சக்கணக்கில் கொடுக்கிறீர்கள். இரண்டு தாளுக்குக் கணக்குப் பார்க்காதீர்கள்.

கே: பிளானும் எலிவேஷனும் இருக்கும்போது செக்‌ஷன் எதற்கு? (சேலம் வாசகர்)

ப: ரோட்டைவிடத் தரை எவ்வளவு உயரம், லிண்டல் எங்கே, மாடிப்படியில் தலை இடிக்குமா என்பதெல்லாம் அதில்தான் தெரியும்.

கே: நான் எட்டாவதுதான் படித்தேன். பிளானைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. (விருதுநகர் வாசகி)

ப: கவலைப்படாதீர்கள். ஜன்னல் உயரத்தில் வீட்டைக் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்ப்பதுதான் பிளான். டி1, டபிள்யூ2 என்பவை கதவு, ஜன்னல்கள்; அவற்றின் அளவு ஓரத்துப் பட்டியலில் இருக்கும். இன்ஜினீயரை மனைக்கு அழைத்து, சுண்ணாம்பால் அறைகளை முழு அளவில் கோடு போடச் சொல்லுங்கள். கட்டில், பீரோ அளவையும் வரைந்து, நடுவே நடந்து பாருங்கள். இடிக்கிறது என்றால் அன்றே மாற்றச் சொல்லுங்கள்.