பன்னி என்று கூப்பிட்ட அம்மா

1999-ல் குடியாத்தத்திலிருந்து பூதிகோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்த மூன்றாம் நாள். எதிர்வீட்டு அம்மா வாசலில் நின்று, என்னைப் பார்த்துச் சிரித்தபடி "பன்னி, பன்னி" என்றார். விருட்டென்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ராத்திரி அழுதுகொண்டே சொன்னபோது வீட்டுக்காரர் சிரித்த சிரிப்புக்கு இன்னும் எனக்கு ஆத்திரம் வரும். கன்னடத்தில் அது 'வாங்க', அதுவும் மரியாதையாக. பாவம், காபி கலந்து வைத்துவிட்டுக் கூப்பிட்டிருக்கிறார்.

மாமனார் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாறைக்குத் துளை போடும் மெஷின் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு இங்கே வீடு கட்டினார். "தண்ணி கொண்டா!" என்று அவர் போடும் சத்தத்தில் எனக்குச் சொம்பு நழுவும். நம்மைப் பிடிக்கவில்லைபோல என்று ஒரு வருஷம் முகம் கொடுக்காமலே இருந்தேன். ஒருநாள் டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தேன். "ஏம்மா நிறுத்திட்டே?" என்றார். டிவி பேசிக்கொண்டுதான் இருந்தது. மெஷின் இரைச்சலில் காது போயிருந்தது. தான் கத்துவது அவருக்கே தெரியாது.

அதிலிருந்து ஒரு பழக்கம். யாராவது சுருக்கென்று பேசினால், மற்றவர்களிடமும் இப்படித்தானா என்று இரண்டு நாள் கவனிப்பேன். அநேகமாக அப்படித்தான் இருக்கும்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போன வீட்டுக்காரர் பங்காரப்பேட்டையில் ரயிலேறித் தினமும் பெங்களூருக்குப் போய்வந்தார். திரும்பினால் வாயைத் திறக்க மாட்டார். எதுவானாலும் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்பது என்று வைத்துக்கொண்டேன். பாதிச் சண்டை அதிலேயே குறைந்தது.

வேண்டுமென்றே குத்துகிறவர்களும் உண்டு. "என்ன சொன்னீங்க, காதில் விழலையே" என்று சிரிக்காமல் கேட்பேன். அதே வார்த்தையை இரண்டாம் முறை சொல்ல முக்கால்வாசிப் பேருக்கு நாக்கு வராது.

ஹைதர் அலி பிறந்த ஊர் இது. சின்ன வயதில் அவரை முரசுக்குள் அடைத்துக் கொடுமைப்படுத்தியதாகவும், அதை அவர் கடைசிவரை மறக்கவில்லை என்றும் சொல்வார்கள். அவரிடம் படை இருந்தது, மனசில் வைத்துக்கொண்டார். என்னிடம் இருந்தது இரண்டு பசுமாடு.

இவ்வளவு சொல்கிறேனே, என் பிரசவத்தின்போது நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் இன்னும் இறங்கவில்லை. போன பொங்கலுக்கு வந்திருந்தாள். கேட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள்.