ஊருக்குப் பக்கத்தில் துப்பாக்கி சுடுதளம்: சட்டப்படி தடுக்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊரை ஒட்டிய கரட்டு அடிவாரத்தில் மேய்ச்சல் புறம்போக்கு இருக்கிறது. அங்கே போலீசாருக்குத் துப்பாக்கி சுடுதளம் வரப்போவதாகச் சொல்லி, வி.ஏ.ஓ.வும் சர்வேயரும் அளந்துவிட்டுப் போனார்கள். பக்கத்திலேயே தொடக்கப் பள்ளி இருக்கிறது. "அரசு நிலத்தில் அரசு அமைக்கிறது, உங்களுக்கு என்ன உரிமை?" என்று கேட்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?
- வாசகர், திருச்சி மாவட்டம்

பதில்: உங்களுக்கு உரிமை இருக்கிறது. நிலம் அரசுடையது என்றாலும், அதைச் சுற்றி வாழ்பவர்களின் உயிருக்கு அரசியலமைப்பின் 21-வது பிரிவு பாதுகாப்பு தருகிறது. ஊர்ப் பொது நிலங்களைக் காக்க வேண்டும் என்று ஜக்பால் சிங் வழக்கில் (2011) உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியிருக்கிறது.

உங்கள் அச்சம் வீணானதல்ல. புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படையினர் பயிற்சி எடுத்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். முதல்வர் 10 லட்சம் ரூபாய் நிவாரணம் அறிவித்தார்.

இலக்குப் பலகை 100 அல்லது 300 மீட்டரில் இருந்தாலும், இலக்கைத் தவறவிட்ட ரைபிள் குண்டு சில கிலோமீட்டர் பறக்கும். பின்னால் மலை இருந்தால் போதும் என்பதும் சரியல்ல. மண்மேட்டில் பாயும் குண்டு புதைந்துவிடும். பாறையில் பட்டால் தெறித்து, யாரும் எதிர்பாராத திசையில் போகும். எனவே வேலிக்குள் அடங்கும் பரப்பை மட்டும் பார்க்கக் கூடாது. குண்டு போய் விழக்கூடிய மொத்தப் பரப்பையும் கணக்கிட வேண்டும். குண்டுகளில் உள்ள ஈயம் மழைநீரோடு அருகில் உள்ள ஏரிக்குப் போகுமா என்பதையும் ஆராய வேண்டும்.

இனி, செய்ய வேண்டியவை:

1. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனுக் கொடுங்கள். நில மாற்ற முன்மொழிவு, புல வரைபடம், அபாயப் பரப்பைக் காட்டும் வரைபடம், பரிசீலித்த மாற்று இடங்களின் விவரம் ஆகியவற்றின் நகலைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். சுடுதளத்தை மத்தியப் படைகளும் பயன்படுத்துவதாக இருந்தால், அவை அந்தச் சட்டத்திலிருந்து பெருமளவு விலக்குப் பெற்றவை. அதனால் வருவாய்த் துறையிடம் கேட்பதே பலன் தரும்.

2. கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் மட்டுமே திட்டத்தை ரத்து செய்துவிடாது. ஆனால் ஊரின் ஆட்சேபனைக்கு அது எழுத்துச் சான்று. வீடுகள், பள்ளி, மேய்ச்சல் பாதை, ஏரி ஆகியவற்றின் தூரத்தை அதில் குறிப்பிடுங்கள்.

3. அதே விவரங்களுடன் ஆட்சியருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கும் ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஆட்சேபனை மனு அனுப்புங்கள்.

4. பதில் வராவிட்டால், உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் அரசியலமைப்பின் 226-வது பிரிவின்கீழ் ரிட் மனு தாக்கல் செய்யலாம். ஈய மாசு பிரச்சினையாக இருந்தால், சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை ஆறு மாதத்துக்குள் அணுக வேண்டும்.

பட்டா நிலத்தையும் எடுப்பதாக இருந்தால், 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டப்படி, முதல்நிலை அறிவிப்பு வந்த 60 நாளுக்குள் ஆட்சேபனை தெரிவிக்க வேண்டும். இந்தக் கெடுவைத் தவற விடாதீர்கள்.

போலீசாருக்குப் பயிற்சி அவசியம், அதை எதிர்க்காதீர்கள். மனுவில் 'சுடுதளம் வேண்டாம்' என்பதைவிட, 'இந்த இடம் பாதுகாப்பானதல்ல, மாற்று இடம் பாருங்கள்' என்று எழுதினால் நீதிமன்றம் கூடுதலாகக் காது கொடுக்கும். உயிர் போன பிறகு பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-வது பிரிவில் வழக்குப் போடலாம், இழப்பீடும் கேட்கலாம். போன உயிர் திரும்பாது. அளந்துவிட்டுப் போன இந்தக் கட்டத்திலேயே, இந்த வாரமே முதல் மனுவைக் கொடுத்துவிடுங்கள்.