கேழ்வரகு மால்ட்: வீட்டளவில் தயாரிக்கும் முறை

ஆடி மாதம் பிறந்துவிட்டால் திருவேற்காடு, மாங்காடு, பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களில் அம்மன் கோயில்தோறும் கூழ் வார்ப்பது வழக்கம். இரவில் கரைத்து வைத்த கேழ்வரகு மாவு காலையில் புளித்திருக்கும். நுண்ணுயிர்கள் செய்யும் இவ்வேலைக்கு நொதித்தல் என்று பெயர். பீர் தயாரிப்பதும் நொதித்தலே. ஆனால் பீருக்கு முதலில் தானியத்தின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியாக வேண்டும். அதற்காகத் தானியத்தை முளைக்க விட்டு, தக்க தருணத்தில் உலர்த்தி, வளர்ச்சியை நிறுத்துகிறார்கள். இப்படி முளைத்து உலர்ந்த தானியமே மால்ட்.

உரிமம் இல்லாமல் வீட்டில் பீரோ வேறு மதுவோ தயாரிப்பது 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே பீர்த் தொழிலின் பின்பாதி விவசாயிக்கு உரியதல்ல. முன்பாதியான மால்ட் தயாரிப்பு அப்படியல்ல. அது உணவு, குழந்தைக்கும் ஆகும், விற்பனைக்கும் ஆகும்.

பீர் ஆலைகள் பெரும்பாலும் பார்லியையே மால்ட்டாக்குகின்றன. பார்லி நன்கு முளைக்கக் குளிர்ந்த இடம் தேவை. கேழ்வரகோ 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் செம்மையாக முளைக்கும். கேழ்வரகின் தாயகமான கிழக்கு ஆப்பிரிக்காவில், உகாண்டா நாட்டு மக்கள் முளைகட்டிய கேழ்வரகிலிருந்தே பீர் தயாரித்து வருகிறார்கள். சென்னைப் புறநகரின் தை, மாசி மாதத் தட்பவெப்பம் இத்தானியத்துக்கு மிகவும் ஏற்றது.

எந்தத் தானியம்?

கோ 15, பையூர் 2 போன்ற எந்த ரகமானாலும் சரி, முளைப்புத் திறன் இருக்க வேண்டும். நூறு மணிகளை ஈரத் துணியில் மடித்து வைத்து, இரண்டு நாள் கழித்து எண்ணிப் பார்த்தால் 90க்குக் குறையாமல் முளைத்திருப்பது நலம். முளைக்காத மணி ஈரத்தில் கிடந்து பூசணத்துக்கு இடம் தரும்.

விதைப்புக்குப்போக மிஞ்சிய விதையை இதற்குப் பயன்படுத்தலாமா என்று பலர் கேட்பதுண்டு. பூசணக்கொல்லி மருந்து கலந்த விதையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்தக் கூடாது. எத்தனை முறை கழுவினாலும் அது உணவாகாது.

பாத்திரங்களில் பெரிய செலவு இல்லை. மூடியுள்ள எவர்சில்வர் பாத்திரம் அல்லது உணவுக்கான பிளாஸ்டிக் வாளி, சல்லடை, சுத்தமான பருத்தித் துணி, புதிய சாக்கு, முறம், அடி கனத்த இரும்புச் சட்டி ஆகியவை போதும். ஒரு வெப்பமானியும் வாங்கிக்கொள்வது நல்லது. அம்பத்தூர் போன்ற தொழிற்பேட்டைப் பகுதிகளில் பழைய பீப்பாய்கள் காயலான் கடைகளில் மலிவாகக் கிடைக்கலாம். அதில் முன்பு இருந்தது பெயிண்டா, அமிலமா, வேறு ரசாயனமா என்பது வாங்குபவருக்குத் தெரியாது. அதைத் தொடவே வேண்டாம். யூரியா சாக்கும் அப்படியே. ஆலைகளை ஒட்டிய ஆழ்துளைக் கிணற்று நீர் நிறமோ வாடையோ கொண்டிருந்தால், ஊறவைக்கவும் குடிநீரையே பயன்படுத்த வேண்டும்.

ஊறலும் முளைப்பும்

புதிதாகத் தொடங்குபவர் 5 கிலோவுக்கு மேல் எடுக்க வேண்டாம். கல், மண் போக மூன்று நான்கு முறை கழுவி, மிதக்கும் பதரை அகற்றி, இரு மடங்கு தண்ணீரில் 10 முதல் 12 மணி நேரம் ஊறவைக்க வேண்டும். இடையில் ஒருமுறை நீரை முழுவதும் வடித்து, ஒரு மணி நேரம் காற்றாட விட்டுப் புதுநீர் ஊற்ற வேண்டும். ஊறும் மணியும் மூச்சு விடுகிறது. காற்றில்லாமல் கிடந்தால் புளித்த வாடை அடிக்கும், முளைப்பும் குறையும்.

பிறகு நீரைச் சொட்ட வடித்து, நிழலில் ஈரத்துணி விரித்து இரண்டு அங்குல உயரத்துக்குப் பரப்பி, மேலே மற்றோர் ஈரத்துணியால் மூடவேண்டும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை கிளறி, தேவையானால் சிறிது நீர் தெளிக்கலாம். குவியலுக்குள் கையை விட்டால் சூடு தெரிகிறதா? உடனே பரப்பின் உயரத்தைக் குறைக்க வேண்டும். சுமார் 48 மணி நேரத்தில் வெள்ளை வேர்கள் நீண்டிருக்கும். அதுவே நிறுத்த வேண்டிய தருணம். மேலும் விட்டால் முளை தானியத்தின் சத்தைத் தின்று வளரும்.

சோளத்திலும் இதுபோலச் செய்யலாமே என்று தோன்றும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு நஞ்சேறிச் சாவது விவசாயிகள் அறிந்ததே. சோள முளையிலும் அதே சயனைடு நஞ்சு உண்டாகிறது. ஆகவே புதியவர்கள் சோளத்தை விட்டுவிடுவது நல்லது.

உலர்த்துவதில்தான் தவறு நேர்கிறது

முளைகட்டுவது பெண்கள் அன்றாடம் செய்யும் வேலை. அதில் தவறுவோர் குறைவு. ஈரமும் சூடும் சேர்ந்த முளைத் தானியம் பூசணத்துக்கும் விருந்து என்பதை மறந்து, வெயில் குறைந்த நாளில் தடிமனாகப் பரப்பிவிடுவதே வழக்கமாக நேரும் பிழை. அரை அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, அடிக்கடி கிளறி, இரண்டு நாள் நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். மாலையில் பனி இறங்குமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைவது சரியான பதம். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் உலர்த்தும் கருவி இல்லாதவர் இவ்வேலையைத் தொடங்காமல் இருப்பதே லாபம்.

வேருக்கும் பூசணத்துக்கும் வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். வேர் மணிக்கு மணி தனித்தனியே வெள்ளையாக நிற்கும். பூசணம் சிலந்தி நூல்போல் பல மணிகளைச் சேர்த்துப் பின்னும். சாம்பல், பச்சை, கறுப்பு நிறமும் முடை நாற்றமும் காட்டும். சில பூசணங்கள் அஃப்லாடாக்சின் என்ற ஈரல் நஞ்சை உண்டாக்குகின்றன. கழுவினாலும் வறுத்தாலும் அது போகாது. மாட்டுக்கு வைத்தால் பாலில் இறங்கும். ஐந்து கிலோ கேழ்வரகு வீணாயிற்றே என்று மனம் கேட்காதுதான். ஆனாலும் குழியில் புதைத்துவிட வேண்டும்.

காய்ந்த மணியைச் சாக்கில் தேய்த்துப் புடைத்தால் வேர் உதிர்ந்து போகும். பின்னர் இரும்புச் சட்டியில் இளந்தீயில் 70 டிகிரியை ஒட்டிய சூட்டில் கிளறி வாட்ட வேண்டும். மணம் வந்ததும் இறக்கி ஆறவிடலாம். கருக வறுத்தால் மணம் கூடும். ஆனால் மாவுச்சத்தைக் கரைக்கும் நொதிப்பொருள் அழிந்துவிடும். பிறகு அதற்கும் வறுத்த மாவுக்கும் வேறுபாடில்லை.

மால்ட் நன்றாக அமைந்ததா என்று சோதிப்பது எளிது. சாதாரணக் கேழ்வரகு மாவில் கெட்டிக் கஞ்சி காய்ச்சி இறக்கி, விரல் பொறுக்காத சூட்டில் ஒரு கரண்டி மால்ட் மாவைக் கலக்கவேண்டும். சிறிது நேரத்தில் கஞ்சி இளகி ஓடினால் சரக்கு நல்லது.

குழந்தைக்கு ஏன் இது உகந்தது என்பதும் இதிலேயே விளங்கும். கஞ்சியை இளக்க நீரைக் கூட்டினால், சிறு வயிறு தண்ணீராலேயே நிறைந்துவிடும். மால்ட் கலந்தால் நீர் கூட்டாமலே இளகும். மாவின் அளவு குறையாது. கேழ்வரகில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆறு மாதம் நிறைந்த குழந்தைக்கு இதைக் கொடுக்கலாம். மால்ட் கலந்து இளகியபின் கஞ்சியை மறுபடியும் சில நிமிடம் கொதிக்கவைத்தே ஊட்டவேண்டும்.

விற்க விரும்புவோர் கணக்கை முன்பே போட்டுக்கொள்ளட்டும். 10 கிலோ கேழ்வரகில் பதர், வேர், சேதாரம் போகச் சுமார் 8 கிலோ மால்ட் மாவு கிடைக்கும். 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.4,886. இந்த விலைக்கே தானியம் கிடைத்தாலும், ஒரு கிலோ மாவில் தானியச் செலவு மட்டும் ரூ.61 ஆகிறது. விறகு, அரவை, பொட்டலம், கூலி ஆகியவற்றை இதன்மேல் ஏற்ற வேண்டும். வீட்டாரின் உழைப்புக்குக் கூலி போடாமல் விலை வைப்பவர்கள் ஆறு மாதத்தில் ஓய்ந்துவிடுகிறார்கள்.

விற்பனைக்கு உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு பெற்று, பொட்டலத்தில் பதிவு எண்ணும் தயாரித்த தேதியும் அச்சிட வேண்டும். செய்முறையில் ஐயம் உள்ளவர்கள் திருவள்ளூர் மாவட்டம் திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம். போகும்போது தாங்கள் தயாரித்த மாவில் ஒரு பிடி எடுத்துச் செல்வது நல்லது.