மேமோகிராமுக்குப் பிறகு இன்னொரு டெஸ்டா?

மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே எடுத்த பிறகு ‘இன்னும் ஒரு டெஸ்ட் எடுக்கணும், வாங்க’ என்று போன் வந்ததும் அம்மாவுக்கோ மனைவிக்கோ கை கால் ஓடாது. கூட இருக்கும் நீங்கள் செய்ய வேண்டியவை:

1. ரிப்போர்ட்டில் ‘பைராட்ஸ்’ (BI-RADS) எண்ணைப் பாருங்கள். 0 என்றால் இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றுதான் பொருள். இப்படி அழைக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இருப்பதில்லை.

2. பழைய மேமோகிராம் படங்களைத் தேடி எடுத்துப் போங்கள். ஒப்பிட்டால்தான் மாற்றம் புதிதா, பழசா என்று தெரியும்.

3. அன்று அக்குளிலும் மார்பிலும் பவுடர், டியோடரன்ட் போட வேண்டாம் எனச் சொல்லுங்கள். படத்தில் அது கால்சியம் துகள் போல வெள்ளையாக விழலாம்.

4. பயாப்சி (ஊசியால் சதைத் துணுக்கு எடுத்துப் பார்க்கும் டெஸ்ட்) என்றால், ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் மாத்திரைகளை முன்பே டாக்டரிடம் காட்டுங்கள். ரத்தக்கசிவு அதிகமாகலாம், ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

5. டாக்டர் சொல்வதை நோட்டில் எழுதுங்கள். பதற்றத்தில் அம்மாவுக்கோ மனைவிக்கோ பாதி காதில் ஏறாது. ‘ரிசல்ட் என்றைக்கு, யார் சொல்வார்கள்?’ என்றும் கேளுங்கள்.

6. பயாப்சி முடிந்த மறுநாள்வரை தண்ணீர்க் குடம், மாவுப் பாத்திரம் தூக்க விடாதீர்கள். ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கட்டலாம்.

7. ‘ஒண்ணும் இருக்காது’ என்று வாயை அடைக்காதீர்கள். ‘பயமா இருக்கா?’ என்று கேட்டால்தான் மனசு திறக்கும்.

8. சொந்தக்காரர்களிடம் அவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள். விசாரிப்பு போன்களே பாதி உயிரை எடுத்துவிடும்.

9. ‘6 மாதம் கழித்து வாங்க’ என்றால் காலண்டரில் அன்றே குறியுங்கள். நிம்மதி வந்ததும் தேதி மறந்துபோகும்.