விக்டோரியா ஏரியும் ஒற்றைக் குற்றவாளியும்: ஒரு மாணவிக்குக் கடிதம்

அன்புள்ள மாணவிக்கு,

கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை நைல் கொடுவா என்னும் ஒரே ஒரு மீன் அழித்துவிட்டது என்ற கூற்று, பொது அறிவுப் புத்தகங்களில் இத்தனை ஆண்டுகளாகத் திருத்தப்படாமல் அச்சாகிவருவது வருத்தத்துக்குரியது. அக்கூற்றை நம்பித்தான் உன் கேள்வியும் எழுந்திருக்கிறது: அந்த மீனை முற்றாகப் பிடித்து ஒழித்துவிட்டால் ஏரி பழைய நிலைக்குத் திரும்பிவிடாதா? கேள்வி நல்ல கேள்வி. அது ஊன்றி நிற்கும் கதைதான் அரைகுறையானது. உணவுச் சங்கிலி, அயலினம் முதலிய பாடங்களை நீ நன்கு அறிவாய் ஆதலால் அவற்றை விட்டு, அந்தக் கதை எதை விழுங்கிவிட்டது என்பதை மட்டும் இக்கடிதம் எடுத்துக்கொள்கிறது.

முதலில் கொடுவாவின் பங்கை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். தமிழகக் கழிமுகங்களில் பிடிபடும் கொடுவாவின் பேரினத்தைச் சேர்ந்த இம்மீன், ஏறத்தாழ இரண்டு மீட்டர் நீளம்வரை வளரக்கூடியது. ஆல்பர்ட் முதலிய வேறு ஏரிகளில் வாழ்ந்த இது, 1950-களின் நடுப்பகுதியில் உகாண்டாவின் ஜிஞ்சாவுக்கருகில் விக்டோரியா ஏரிக்குள் ஓசையின்றி விடப்பட்டது. 1962, 1963 ஆம் ஆண்டுகளில் வெளிப்படையாகவே விடப்பட்டது. கால் நூற்றாண்டுக் காலம் அடங்கியிருந்த இதன் எண்ணிக்கை 1980-களில் திடீரெனப் பெருகியது. 1970-களின் தொடக்கத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் ஏரியின் அடிப்பகுதி மீன்களின் எடையில் ஏறத்தாழ 80 சதவீதமாக இருந்த ஹாப்லோகுரோமின் மீன்கள், அதாவது விரலளவிலிருந்து உள்ளங்கையளவு வரையுள்ள, வேறெங்கும் காணப்படாத பல நூறு சிக்லிட் இனங்கள், பத்தாண்டுகளுக்குள் அருகிப்போயின; அவற்றில் ஏறத்தாழ 200 இனங்கள் மறைந்திருக்கலாம் என்று அறிஞர்கள் கணித்தனர். இவ்வளவும் உண்மை. ஆயினும், கால் நூற்றாண்டு அடங்கியிருந்த மீன் ஏன் அந்தப் பத்தாண்டில் மட்டும் பெருகியது என்ற கேள்வியை ஒற்றைக் குற்றவாளிக் கதை ஒருபோதும் எழுப்புவதில்லை.

கொடுவா வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஏரி மாறத் தொடங்கிவிட்டது. மொம்பாசாவிலிருந்து புறப்பட்ட உகாண்டா இரயில் பாதை 1901-இல் கிசுமு கரையைத் தொட்டது. ஆளி நாரால் ஆன செவுள் வலை, அதாவது மீன் தலையை நுழைத்துச் செவுளில் மாட்டிக்கொள்ளும் வகையில் நீரில் சுவர்போல் நிறுத்தப்படும் வலை, 1905-இல் அங்கு அறிமுகமாயிற்று. வலை பிடித்ததை இரயில் நகரங்களுக்கு ஏற்றிச்சென்றது. கரையோர மக்கள் விரும்பி உண்ட இங்கெகே என்னும் திலேப்பியா மீன் விரைவில் குறைந்தது. 1927, 1928 ஆம் ஆண்டுகளில் ஏரியை ஆராய்ந்த மைக்கேல் கிரஹாம், வலைக்கண் ஐந்து அங்குலத்துக்குக் குறையக் கூடாதென்று பரிந்துரைத்ததோடு, பெரிய இரைகொல்லி மீனை முன்னாய்வின்றி ஏரிக்குள் விடுவதன் ஆபத்தையும் எச்சரித்தார். வலைக்கண் விதி 1930-களில் வந்தது, 1950-களில் கைவிடப்பட்டது, எச்சரிக்கையோ புறக்கணிக்கப்பட்டது. அறிவியல் முன்கூட்டியே எச்சரிப்பதில்லை என்று குறைகூறுவோர் 1929-இல் வெளியான அந்த அறிக்கையை வாசித்துவிட்டுப் பேசுவது நல்லது.

இனி, சான்றுகளிலேயே தலைசிறந்ததாகக் கருதத்தக்க ஏரியின் அடிச்சேற்றுக்கு வருவோம். ஏரியின் அடியில் ஆண்டுதோறும் மெல்லிய வண்டல் படிகிறது. ஒரு குழாயைச் செங்குத்தாக இறக்கி அந்தச் சேற்றை அடுக்குக் கலையாமல் எடுத்தால், மேலிருந்து கீழாக ஒரு நூற்றாண்டின் பதிவு கிடைக்கிறது. ஒவ்வோர் அடுக்கின் வயதையும் ஈயம்-210 என்னும் கதிரியக்க ஐசோடோப்பு காட்டித்தருகிறது. ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் இயல்புடையதாதலால், எஞ்சியிருக்கும் அளவைக்கொண்டு காலத்தைக் கணிக்கலாம். அடுக்குகளில் டயாட்டம்களின் ஓடுகள் கிடக்கின்றன. டயாட்டம் என்பது கண்ணாடியை ஒத்த சிலிக்கா ஓடு கட்டிக்கொள்ளும் நுண்பாசி. எந்த வகை எவ்வளவு பெருகியது என்பது அக்கால நீரின் ஊட்ட நிலையைக் காட்டும். டிர்க் ஃபெர்ஷூரனும் அவருடைய குழுவினரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்வகைச் சேற்றுத்தூணை வாசித்து, பாசி உற்பத்தி 1930-கள் முதலே ஏறத் தொடங்கியதையும், அந்த ஏற்றம் கரையைச் சுற்றி மக்கள்தொகையும் வேளாண்மையும் பெருகியதோடு ஒத்துச்செல்வதையும், ஆழ்நீரில் ஆக்சிஜன் இழப்பு 1960-களின் தொடக்கத்திலேயே தொடங்கிவிட்டதையும் காட்டியது. கொடுவா பெருகிய ஆண்டுகளை இவற்றின் அருகில் எழுதிப்பார். ஆழத்தில் வாழ்ந்த சிக்லிட்களின் வீடு, அவற்றைத் தின்ன வந்த மீன் பெருகுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே மூச்சுத்திணறத் தொடங்கியிருந்தது.

இந்நிலைக்கு ஊட்டமிகுதி என்று பெயர்: பாஸ்பரசும் நைட்ரஜனும் நீரில் அளவுமீறிச் சேர்ந்து, பாசி பெருகி, செத்த பாசி அடியில் மட்கும்போது ஆக்சிஜனைத் தின்றுவிடும் நிலை. அந்தப் பாஸ்பரஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பெரும்பாலோர் ஆறுகளைக் கைகாட்டுவார்கள். ஆனால் ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்பும் சராசரியாக 40 மீட்டர் ஆழமும் மட்டுமே உடைய, அதாவது பரந்த, ஆழமற்ற இந்த ஏரிக்கு வரும் நீரில் ஐந்தில் நான்கு பங்கு நேராக அதன்மேல் பொழியும் மழை. மழையோடு, வறட்காலத்தில் எரியும் புல்வெளிகளின் சாம்பலும், காடழிக்க மூட்டிய தீயின் புகையும், உழுது வெறுமையாகக் கிடக்கும் நிலத்தின் புழுதியும் இறங்குகின்றன. ஏரிக்குள் வரும் பாஸ்பரசில் பாதிக்கு மேல் வளிமண்டலத்தின் வழியே வருவதாக ஆய்வுகள் மதிப்பிடுகின்றன. காட்டுக்கும் மீனுக்கும் உள்ள தொடர்பு ஆற்றங்கரையோடு முடிவதில்லை என்பதற்கு இதைவிட வலிய சான்று வேண்டியதில்லை. கரையிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி, ஏரியின் வடிநிலத்துக்கே வெளியில் எரியும் காடும் அந்த நீரை வந்தடையும். வனத்துறை ஒரு கட்டடத்திலும் மீன்வளத்துறை வேறொரு கட்டடத்திலும் இருந்து, இருவரும் ஒரே மேசையில் அமராத நாடுகளில் இந்தச் செய்தி எந்தக் கோப்பிலும் ஏறுவதில்லை.

நீர் கலங்கியதன் விளைவு மூச்சுத்திணறலோடு நிற்கவில்லை. ம்வான்ஸா வளைகுடாவின் பாறைத் தீவுகளில் பண்டாமிலியா என்னும் சிக்லிட் பேரினத்தில் நெருங்கிய உறவுடைய இரண்டு இனங்கள் வாழ்கின்றன. ஒன்றின் ஆண் நீலச் சாயலுடையது. டான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் நியரேரேயின் பெயர் பெற்ற மற்றொன்றின் ஆண், முதுகில் சிவப்பேறியது. பெண்மீன்கள் நிறம் பார்த்தே இணையைத் தேர்கின்றன. தெளிந்த நீரில் இரண்டும் தனித்தனி இனமாக நிற்கின்றன; கலங்கிய நீரில் ஒளியின் நிறங்கள் குன்ற, பெண்ணால் வேறுபாடு காண இயலாமற்போகிறது, ஆண்களின் நிறம் மங்குகிறது, இனங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. ஓலே சீஹௌசனும் உடனாய்வாளர்களும் 1997-இல் இதை நிறுவினர். எந்த மீனின் வாயிலும் அகப்படாமலேயே ஓர் இனம் இல்லாமற்போகலாம் என்பதை இதற்கு முன் எத்தனை பேர் எண்ணிப்பார்த்திருப்பர்?

இப்பகுதியைப் பற்றிப் படிக்க விரும்புவோருக்கு டச்சு உயிரியலாளர் தைஸ் கோல்ட்ஷ்மிட் எழுதிய ‘டார்வினின் கனவுக்குளம்’ என்னும் நூலைப் பரிந்துரைக்காமல் இருக்க முடியாது. இக்கடிதத்தை எழுதுபவர் மறுபடி மறுபடி எடுத்துப் படித்த நூல் அது. வகைப்படுத்துவதற்கென்று சேர்த்துவைத்த மீன்கள், வகைப்படுத்தி முடிப்பதற்குள் ஏரியில் இல்லாமற்போவதைக் கண்ட ஒருவருடைய எழுத்து. இதற்கு நேர்மாறாக, 2004-இல் வெளிவந்து உலகப் புகழ்பெற்ற, ம்வான்ஸாவைக் களமாகக் கொண்ட ஆவணத் திரைப்படம், மீன் ஏற்றுமதியின் கொடுமைகளை உருக்கமாகக் காட்டியதே ஒழிய, மழைநீரையும் கோரைச் சதுப்பையும் காட்டவில்லை. உருக்கம் ஆய்வுக்கு மாற்றாகாது. அப்படத்தை மட்டும் பார்த்துவிட்டு ஏரியைப் பற்றிக் கட்டுரை எழுதும் பழக்கம் இனியாவது நிற்க வேண்டும்.

கோரைச் சதுப்பு என்று சொன்னது பாப்பிரஸ் சதுப்பை. தமிழ்நாட்டுப் பாய்க்கோரையின் பேரினத்தைச் சேர்ந்த பாப்பிரஸ், நான்கு ஐந்து மீட்டர் உயரம் வளர்ந்து, வேரும் தண்டும் பின்னிய மிதக்கும் மெத்தையாக ஏரியின் ஓரங்களை மூடிக்கொள்கிறது. ஆற்று வண்டல் அதில் தங்குகிறது, ஊட்டச்சத்துகளைச் செடி உறிஞ்சுகிறது. உகாண்டாவில் விக்டோரியா ஏரியின் மேற்குக் கரைக்கருகே, ஒரு மணல்திட்டால் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பிரிந்துபோன நபுகாபோ என்னும் சிற்றேரியை எடுத்துக்கொள். 1960-களில் அங்கும் கொடுவா விடப்பட்டது, அங்கும் சிறுமீன்கள் திறந்த நீரிலிருந்து மறைந்தன. லாரன் சாப்மேனின் குழு கோரையோரத்துக்குள் தேடியபோது, போய்விட்டதாகக் கருதப்பட்ட இனங்களில் சில அங்கே உயிரோடிருந்தன. அடர்ந்த கோரைக்கடியில் ஆக்சிஜன் மிகக் குறைவு. பெருத்த உடலுடைய கொடுவாவால் அதைத் தாங்க முடியாது, சிறிய சிக்லிட்களில் பல தாங்கிக்கொள்கின்றன. சதுப்பில் வாழும் சிக்லிட் ஒன்றில், திறந்த நீரில் வாழும் அதே இனத்தாரைவிடச் செவுளின் பரப்பு பெரிதாக இருப்பதையும் அவர்கள் அளந்து காட்டினர். கென்யாவின் யாலா சதுப்புக்குள் அடங்கியிருக்கும் கன்யாபோலி ஏரியிலும் இதே கதைதான். பெரிய ஏரியில் அரிதாகிவிட்ட இங்கெகே இன்றும் அங்கே வாழ்கிறது. ஆகவே, நெல்லுக்கும் சேம்புக்கும் செங்கல் சூளைக்கும் ஒரு சதுப்பைத் திருத்தும்போது அழிவது தரிசு நிலம் அன்று, மீனின் கடைசிக் காப்பிடம்.

கம்பாலா நகரின் நகிவூபோ சதுப்பு மனிதருக்கே நேரடியாகப் பயன்படுவது: நகரின் கழிவுநீர் அதன் வழியே வடிந்து, மர்ச்சிசன் விரிகுடாவில் கலக்கிறது, அதே விரிகுடாவிலிருந்துதான் நகரின் குடிநீரும் எடுக்கப்படுகிறது. இச்சதுப்பு இலவசமாகச் செய்யும் சுத்திகரிப்பின் மதிப்பு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குக் குறையாது என்று 1999-இல் ஒரு பொருளியல் ஆய்வு கணக்கிட்டது. அதன்பிறகும் ஆக்கிரமிப்பு நிற்கவில்லை.

கொடுவா காட்டுக்குச் செய்த தீங்கையும் இங்கே குறிக்க வேண்டும். முன்பு பிடிபட்ட சிறுமீன்களை வெயிலில் காயவைத்துக் கருவாடாக்கினர். கொடுவாவோ கொழுப்பு மிக்கது, வெயிலில் காயாது, புகைபோட வேண்டும் அல்லது பொரிக்க வேண்டும். அதற்கு விறகு வேண்டும். தீவுகளிலும் கரைகளிலும் மரம் விழுந்தது. மண் கரைந்து நீருக்குள் சென்றது. காடழிவு ஏரியைக் கெடுத்ததுபோக, ஏரியின் மீனும் காட்டைத் தின்றது.

அப்படியானால் காட்டைக் காப்பது எப்படி என்று கேட்பாய். மாரா, சொண்டு, நியாண்டோ ஆறுகள் பிறக்கும் மாவு மலைக்காட்டின் ஒரு பகுதியைக் கென்ய அரசே 2001-இல் காப்பிலிருந்து நீக்கிக் குடியேற்றத்துக்குத் திறந்துவிட்டது. பின்னர் காட்டை மீட்கும் பெயரால், அங்கு தலைமுறை தலைமுறையாகத் தேனெடுத்து வாழ்ந்த ஓகியெக் மக்களையும் வெளியேற்றியது. காடழிவுக்கு அவர்களைப் பொறுப்பாக்க இயலாது என்று ஆப்பிரிக்க மனித உரிமை நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்பளித்தது. காவலரையும் வேலியையும் மட்டும் நம்பும் பாதுகாப்பு, காட்டை அறிந்தவரைத் துரத்திவிட்டு அறியாதவரிடம் அதை ஒப்படைப்பதில் முடிகிறது. ஏரிக்குத் தெற்கே ஷின்யாங்காவில் நடந்தது இதற்கு மாறானது. ட்ஸெட்ஸெ ஈயை ஒழிக்கவும் பருத்திக்கு இடம் விடவும் மொட்டையடிக்கப்பட்ட அந்நிலத்தில், சுகுமா மக்கள் வறட்காலத் தீவனத்துக்காக மேய்ச்சலை மறித்துவைக்கும் இங்கிடிலி என்னும் பழைய வழக்கத்தை, 1986-இல் தொடங்கிய அரசுத் திட்டம் கையிலெடுத்தது. நாற்று நடுவதைவிட, மண்ணுக்கடியில் உயிரோடிருந்த வேர்களைத் துளிர்க்கவிடுவதே போதுமானதாக இருந்தது. சில லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரம் திரும்பியது.

ஏரியின் மீன்வளத்துக்கும் அப்படியொரு முயற்சி உண்டு. கென்யா, டான்சானியா, உகாண்டா மூன்றும் 1994-இல் கூட்டு மீன்வள அமைப்பொன்றை உருவாக்கின. படகுக்காரர், மீன் விற்கும் பெண்கள், வலை முடிவோர் ஆகியோர் அமரும் கரை நிர்வாகக் குழுக்கள் ஒவ்வொரு படகுத்துறையிலும் அமைக்கப்பட்டன. அவற்றில் ஊழல் இருந்தது, உறவினருக்குச் சலுகை இருந்தது. உகாண்டா அவற்றை 2015-இல் நிறுத்திவைத்து, 2017 முதல் ஏரியில் இராணுவத்தை இறக்கியது. சிறுகண் வலைகள் எரிக்கப்பட்டன, படகுகள் உடைக்கப்பட்டன. சிப்பாய் வலைக்கண்ணை அளக்கலாம். மழையில் இறங்கும் பாஸ்பரசை அவரால் தடுக்க முடியாது.

உன் கேள்விக்கு இப்போது விடை கூறலாம். கொடுவாவை ஒழிக்க இயலாது. பெருந்திரளான குடும்பங்களின் பிழைப்பு அதில் இருப்பதால் ஒழிக்க முனைவதும் தகாது. அதன் எண்ணிக்கை மீன்பிடிப்பால் குறைந்த 1990-களில், மிதவை நுண்ணுயிரையும் அடிமட்கையும் உண்ணும் ஹாப்லோகுரோமின்கள் சில, ஓரளவு திரும்பவே செய்தன. நிறம் பார்த்து இணை தேரும் பாறைமீன்களுக்கோ நீர் தெளிய வேண்டும். அதற்கு வேண்டியது வலை அன்று, புல்வெளித் தீயும் உழவும் சதுப்பும்பற்றிய முடிவுகள்.

அடுத்த கடிதத்தோடு ஏரியின் வரைபடம் ஒன்று வரைந்து அனுப்பு. ககேரா, மாரா, நியாண்டோ, யாலா ஆறுகளையும் அவை ஏரியைத் தொடுமிடத்தில் எஞ்சியிருக்கும் கோரைச் சதுப்புகளையும் குறித்துவிட்டு, வறட்காலத்தில் புல்வெளி எரியும் பகுதிகளை நிழலிட்டு, அங்கிருந்து காற்று எத்திசையில் வீசுகிறதென்று அம்புக்குறியால் காட்டு. ஆறுகள் மட்டும் உள்ள படம் திருப்பி அனுப்பப்படும்.

அன்புடன்,
உன் ஆசிரியர்