கத்திரிக்கு முன் ஒரு சொட்டுக் கணக்கு
கோகோபீட் பைகளுக்குத் தானியங்கி நீர்: எதை வாங்குவது, எப்போது வாங்குவது?

காலம்: சித்திரை, வைகாசி
யாருக்கு: பையில் பாதிக்கு மேல் கோகோபீட் நிரப்பி மாடித்தோட்டம் போட்டிருப்பவர்களுக்கு

அக்னி நட்சத்திரம் மே 4ஆம் தேதி வாக்கில் தொடங்கிவிடும். பள்ளி விடுமுறையும் அதையொட்டியே வருகிறது. ஊருக்குப் போக டிக்கெட் எடுத்த கையோடு, செடிக்கு யார் தண்ணீர் விடுவது என்ற கவலையும் வந்துவிடும். தானியங்கிச் சொட்டுநீர் போடுவதாக இருந்தால் இந்த வாரமே போடுங்கள். ஆனால் கடைக்குப் போகும் முன் ஒரு அளவு டேப்போடு மாடிக்கு ஏறுங்கள். பைகளின் மேல்மட்டத்திலிருந்து தண்ணீர்த் தொட்டியின் அடிமட்டம் எத்தனை மீட்டர் உயரம்? உங்களுக்கு எந்தக் கருவி ஆகும் என்பதை அந்த உயரம்தான் சொல்லும்.

கொஞ்சமாக, அடிக்கடி

கோகோபீட் தன் எடையைப் போல எட்டு மடங்கு தண்ணீர் பிடிக்கும். அதை நம்பித்தான் பலரும் காலையில் ஒரு குடம் ஊற்றிவிட்டு இருந்துவிடுகிறார்கள். மிஞ்சியது அடித்துளை வழியே ஓடிவிடும். மூன்று மணிக்குச் செடி தலை தொங்கும். நார்த்தூள் ஒருமுறை சுண்டக் காய்ந்துவிட்டால் சுருங்கி, பையின் சுவரைவிட்டு விலகும். அப்புறம் எவ்வளவு ஊற்றினாலும் தண்ணீர் அந்த இடுக்கில் இறங்கி வெளியேறும், வேர் நனையாது.

மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேலே வெளுத்திருக்கும், நான்கு விரல் ஆழத்தில் ஈரம் இருக்கும். அந்த ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்துப் பிழியுங்கள். விரலிடுக்கில் நாலைந்து சொட்டு வந்தால் போதும். ஒழுகி ஓடினால் அதிகம்; உதிர்ந்தால் அவசரம்.

தொட்டி உயரமும் கருவியும்

ஒரு மீட்டர் உயரத்துக்கு அழுத்தம் 0.1 பார். கணக்கு இவ்வளவுதான்.

பத்துச் செடித்தொட்டிக்குள் என்றால்: டைமரே வேண்டாம். தடித்த பருத்தித் திரியின் ஒரு முனையைச் செடித்தொட்டியின் அடித்துளை வழியே நார்த்தூளுக்குள் விட்டு, மறுமுனையைக் கீழே மூடிய வாளித் தண்ணீரில் போடுங்கள். கோகோபீட் தண்ணீரை நன்றாக மேலே இழுக்கும். கீரை, புதினா, பூச்செடிகளுக்கு இது போதும்.

உயரமே இல்லை, டிரம் தரையில் இருக்கிறது என்றால்: டிரம்முக்குள் சிறு மோட்டார், சுவரில் பிளக் டைமர். டிரம்மின் நீர்மட்டம் பைகளைவிடக் கீழே இருக்கட்டும். மேலே இருந்தால் மோட்டார் நின்ற பிறகும் குழாய் தானாக உறிஞ்சி டிரம்மைக் காலி செய்துவிடும். மழை படாத பிளக்கும், மின்கசிவைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கட்டாயம்.

இரண்டு, மூன்று மீட்டர் உயரத் தொட்டி: பெரும்பாலான வீடுகள் இந்த வகைதான். வாங்க வேண்டியது பால் வால்வு உள்ள பேட்டரி டைமர். சோலினாய்டு வால்வு டைமர்களில் பல, அரை பார் அழுத்தமாவது இருந்தால்தான் ஒழுங்காகத் திறக்கும். சென்ற கோடையில் அதைத்தான் வாங்கிவந்து மாட்டினேன். நேரம் சரியாகக் காட்டியது, ‘டிக்’ என்று சத்தமும் வந்தது, தண்ணீர் வரவில்லை. டைமர் மேல் பழி போட்டேன். குற்றம் என் தொட்டியின் உயரத்தில் இருந்தது. பெட்டியில் ‘குறைந்தபட்ச அழுத்தம்’ என்ன போட்டிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள். அழுத்தச் சமன் டிரிப்பர்களும் இந்த உயரத்துக்கு ஆகாது. சாதாரண டிரிப்பரே சரி.

வீட்டில் பிரஷர் பம்ப் இருந்தால்: சோலினாய்டு டைமரும் அழுத்தச் சமன் டிரிப்பரும் நன்றாக வேலை செய்யும். முதல் பைக்கும் கடைசிப் பைக்கும் ஒரே அளவு போகும்.

டம்ளர் சோதனை

டிரிப்பரில் ‘4 லிட்டர்’ என்று இருப்பது வழக்கமாக ஒரு பார் அழுத்தத்தில் ஒரு மணி நேரத்துக்கான அளவு. இரண்டரை மீட்டர் உயரத்தில் அது பாதியாகும். இரண்டு லிட்டர்தான் வரும். ஏட்டுக் கணக்கை நம்பாமல் முதல் டிரிப்பருக்கும் கடைசி டிரிப்பருக்கும் கீழே ஆளுக்கொரு டம்ளர் வைத்து ஆறு நிமிடம் ஓட விடுங்கள். 200 மில்லி சேர்ந்தால் மணிக்கு இரண்டு லிட்டர். இரண்டு டம்ளருக்கும் வித்தியாசம் அதிகமென்றால் குழாயை இரண்டாகப் பிரித்து, நடுவிலிருந்து தண்ணீர் கொடுங்கள்.

காய்ப்பில் உள்ள தக்காளி, கத்தரிக்கு 12 அங்குலப் பையில் கத்திரி வெயிலில் நாளுக்கு இரண்டு லிட்டர் என்று தொடங்கலாம். மணிக்கு இரண்டு லிட்டர் விழுகிறதென்றால் காலை 6, 10, பகல் 1, மாலை 4 என நான்கு வேளை, வேளைக்கு 15 நிமிடம். அகலமான பைக்கு ஒரே டிரிப்பரைவிட, மெதுவாகச் சொட்டும் இரண்டு நல்லது. கறுப்புக் குழாய் வெயிலில் கிடந்தால் பகல் வேளையில் முதலில் வருவது வெந்நீர். பைகளின் நிழலில் குழாயைப் படுக்க வையுங்கள்.

அடைப்பும் உப்பும்

டைமருக்கு முன்னால் 120 மெஷ் ஃபில்டர் போடாமல் தண்ணீரைத் திறக்காதீர்கள். பஞ்சகவ்யம், ஜீவாமிர்தம், மீன் அமிலம் எதையும் தொட்டியில் கலக்க வேண்டாம். எவ்வளவு வடிகட்டினாலும் டிரிப்பர் அடைக்கும். அவற்றைக் கையால் ஊற்றுங்கள். போர் தண்ணீரின் சுண்ணாம்பு டிரிப்பர் வாயில் வெள்ளையாகப் படியும். கழற்றி வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள்.

சரியாகக் கழுவாத கோகோபீட்டில் உப்பு இருக்கும். போர் தண்ணீர் அதைக் கூட்டும். பை விளிம்பில் வெள்ளைப் பொருக்கு தெரிந்தால் அதுதான். வாரம் ஒருமுறை, ஊற்றுவதில் ஐந்தில் ஒரு பங்கு அடியில் வடியும் வரை கூடுதலாக ஓட விடுங்கள்.

ஊருக்குப் போகும் முன்

- 20 பைக்கு நாளுக்கு 40 லிட்டர், பத்து நாளைக்கு 400. மோட்டார் போட ஆளில்லாத வீட்டில் தொட்டி 500 லிட்டராவது நிறைந்திருக்க வேண்டும். அதிலிருந்து வேறு குழாய் எதுவும் திறந்திருக்கக் கூடாது.
- டைமருக்குப் புது பேட்டரி போடுங்கள். வெயில் படாமல் அதன் மேல் ஒரு மூடி கவிழ்த்து வையுங்கள்.
- கோடை மழை பிடித்தால் நிறுத்த ஒருவர் வேண்டும். பக்கத்து வீட்டில் மாடிச் சாவியைக் கொடுத்து, அணைக்கும் பொத்தானைக் காட்டிவிட்டுப் போங்கள்.
- கிளம்புவதற்கு முன் மூன்று நாள், செடியைத் தொடாமல் கருவியை மட்டும் ஓட விடுங்கள். முதல் நாள் காலை ஒரு பையைத் தூக்கிப் பார்த்துக் கனத்தை மனதில் வையுங்கள். மூன்றாம் நாள் மாலை அதே பையைத் தூக்குங்கள். லேசாகியிருந்தால் வேளைக்கு ஐந்து நிமிடம் கூட்டி, இன்னும் ஒரு நாள் பாருங்கள். கனம் குறையாதிருந்தால் வீட்டைப் பூட்டலாம்.