எதிர்நிறைப் பொருள் உண்டோ?

கண்டிராத பொருளை உண்டென்றலும் இல்லையென்றலும் எளிது. ஆராய்ந்து துணிதலே அரிது. பூச்சியத்திற்கும் குறைந்த நிறையுடைய பொருள் உலகில் இருத்தல் கூடுமோ என்பது அத்தகையதொரு வினாவாம்.

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கொள்கை இதனை விலக்கவில்லை என 1957-ஆம் ஆண்டில் ஹெர்மன் பாண்டி என்னும் கணித அறிஞர் காட்டினார். நேர்நிறை அனைத்தையும் ஈர்க்கும். எதிர்நிறையோ அனைத்தையும் தள்ளும். ஆதலின் சம அளவினவாகிய இரண்டையும் அருகருகே வைப்பின், நேர்நிறை விலகி ஓட, எதிர்நிறை அதனைத் துரத்தும். இரண்டின் வேகமும் ஓயாது மிகும். ஆயினும் ஒன்றன் ஆற்றல் ஏற, மற்றதன் ஆற்றல் அவ்வளவே பூச்சியத்தின்கீழ் இறங்குமாதலின், மொத்த ஆற்றல் மாறாது.

இதனை நகைத்துத் தள்ளுவோர் டிராக் என்பாரை நினைத்தல் வேண்டும். 1928-இல் அவர் அமைத்த சமன்பாடு, எதிர் ஆற்றல் நிலைகளையும் தந்தது. அதன் பொருள் யாதென அறிஞர் மயங்கினர். 1932-இல் ஆண்டர்சன் விண்கதிர்களை ஆராய்ந்து, நேர்மின்னுடைய எலெக்ட்ரானைக் கண்டார். இதுவே எதிர்ப்பொருளின் முதற் காட்சி.

அவ்வெதிர்ப்பொருள் புவியால் தள்ளப்பட்டு மேலெழுமோ? 2023-இல் ஜெனீவாவையடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில், எதிர் ஹைட்ரஜன் அணுக்கள் கீழ்நோக்கியே விழக் கண்டனர். எனவே எதிர்ப்பொருள் வேறு; எதிர்நிறை வேறு.

வெற்றிடத்தில் மின்னூட்டமற்ற இரு உலோகத் தகடுகளை மிக நெருக்கி நிறுத்தின், அவை ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948-இல் காசிமிர் கணித்தார். தகடுகளிடையே வெறுவெளியின் ஆற்றலும் குறைகின்றது என்பது கருத்து. 1997-இல் அவ்விசையை நுட்பமாக அளந்தனர். ஆயின் தகடுகளின் நிறையையும் கூட்டின், மொத்தம் நேரேயாம்.

கணிதம் தடுக்காதன யாவும் உலகில் உளவாதல் வேண்டுமென்பதில்லை. டிராக்கின் கணக்கைச் சோதனை ஏற்றது. பாண்டியின் கணக்கிற்குச் சான்று இன்னும் கிட்டவில்லை. அதுவரை ஐயத்தை ஐயமாகவே போற்றுதல் அறிவுடைமையாகும்.